வேலியும் பயிரும்

நுழையும்முன்

கணினியில் நாம் திறக்கும் கோப்பு, படிக்கும் மடல், செல்லும் இணையப்பக்கம் ஆகிய அனைத்தையும் காணும் உரிமையை ஒரு மென்பொருளுக்கு நாமே வழங்கியிருக்கிறோம். அதுவே நச்சுநிரல் தடுப்பு மென்பொருள். காவலுக்கு வந்தது சோர்ந்துபோனால் என்ன செய்வது? காத்த பொருளையே விற்றால் என்ன செய்வது? இவ்விரு வகை வீழ்ச்சிக்குப் பின்னும் பயனரின் நம்பிக்கை மீளுமா? மூன்று மென்பொருள்களின் வரலாற்றைக் கொண்டு இப்பாடம் இவ்வினாவை ஆராய்கிறது.

1988ஆம் ஆண்டு. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகில், கணித இயந்திரங்களுக்கான ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பாவெல் பவுடிஷ் ஒரு நெகிழ்வட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் 'வியன்னா' என்று பின்னாளில் பெயர்பெற்ற நச்சுநிரல் ஒட்டியிருந்தது. கோப்புகளைத் தொற்றிப் பெருகும் அந்நிரலை நீக்க அவர் ஒரு சிறு நிரலை எழுதினார். உடன் பணியாற்றிய எட்வர்ட் குச்செராவையும் சேர்த்துக்கொண்டு 'அல்வில்' என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பு உருவாக்கிய மென்பொருளின் பெயர் 'அவாஸ்ட்'. பொதுவுடைமை ஆட்சி முடிவுக்கு வந்தபின், 1991இல் அக்கூட்டுறவு கூட்டு நிறுவனமாக மாறியது. 2001இல் இல்லப் பயனர்களுக்கு அவாஸ்ட் கட்டணமின்றி வழங்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் உலகெங்கும் 40 கோடிக்கும் மேற்பட்டோர் அந்நிறுவனத்தின் மென்பொருள்களைப் பயன்படுத்தும் நிலை உருவானது.

இத்தனை பேர் நம்பிய மென்பொருளின் உரிமையாளர் மீது 2024இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்து, 1.65 கோடி டாலர் செலுத்தும்படி செய்தது. இடையில் நடந்தவற்றை அறிவதற்கு முன்னர், இத்தகைய மென்பொருள் நம்மிடமிருந்து எவ்வளவு நம்பிக்கையைக் கேட்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

காவலின் இயல்பு

எழுதுவதற்கான செயலியோ படம் வரைவதற்கான செயலியோ தனக்குரிய கோப்புகளை மட்டும் தொட்டால் போதும். தடுப்பு மென்பொருள் அவ்வாறன்று. எந்தக் கோப்பு திறக்கப்பட்டாலும், அது திறக்கும் முன்னரே குறுக்கிட்டுப் பார்க்க வேண்டும். அதற்காக அது இயங்குதளத்தின் உள்ளடுக்கில், மிகுந்த அதிகாரத்துடன் இயங்குகிறது. முன்பே அறியப்பட்ட நச்சுநிரல்களின் அடையாளக் குறிப்புகளை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பையும் அப்பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத புதிய நிரல்களை அவற்றின் நடத்தையைக் கொண்டு கணிக்கிறது. தீய இணையத்தளங்களைக் குறித்து எச்சரிப்பதற்காக, நாம் செல்லும் முகவரிகளையும் அது பார்க்கிறது. சில மென்பொருள்கள் இதற்கும் மேலே சென்று, மறையாக்கம் செய்யப்பட்ட இணையத் தொடர்பைக் கணினிக்குள்ளேயே பிரித்துப் பார்த்துவிட்டு மீண்டும் மூடி அனுப்புகின்றன. முத்திரையிட்ட மடலை வாயிற்காவலர் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடியும் முத்திரையிட்டு உள்ளே அனுப்புவதைப் போன்றது இது.

இவ்வதிகாரம் தவறிப்போகும்போது விளைவும் பெரிதாகிறது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட அடையாளப் பட்டியல் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் இன்றியமையாத கோப்பு ஒன்றை நச்சுநிரல் என்று தவறாகக் கணித்தது. அக்கோப்பு அகற்றப்பட்ட கணினிகள் மீண்டும் மீண்டும் தாமாகவே நின்று தொடங்கின. பலவற்றுக்கு வலைத்தொடர்பும் அறுந்தது. பகைவர் எவரும் உள்ளே புகவில்லை. காவலரே வீட்டின் தூணைச் சாய்த்துவிட்டார்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. மிதிவண்டி நன்றாக ஓடுகிறதா என்பதை ஓட்டுபவர் அறிவார். தடுப்பு மென்பொருள் நன்றாகச் செயல்படும் நாளில் எதுவுமே நடப்பதில்லை. அது மோசமாகச் செயல்படும் நாளிலும், தாக்குதல் வராதவரை எதுவும் நடப்பதில்லை. இரண்டு அமைதிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பயனர் தம் கண்ணால் காண இயலாது. ஆகவேதான் ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற ஆய்வகங்கள் தோன்றின. அவை தடுப்பு மென்பொருள்களை உண்மையான தீநிரல்களோடு மோதவிட்டு மதிப்பிடுகின்றன. ஏவி-டெஸ்ட் ஆய்வகம் காக்கும் திறன், கணினியின் வேகத்தைக் குறைக்காமை, தவறான எச்சரிக்கை எழுப்பாமை முதலியவற்றை மூன்று பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண் வீதம் 18 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடுகிறது. இம்மூன்று பிரிவுகளும் எவற்றை அளக்கின்றன, எதனை அளக்கவில்லை என்பதை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

சுமையாகிப்போன காவல்

தொடக்கக்காலத் தனிநபர் கணினியில் தவறி அழித்த கோப்பை மீட்டுத்தரும் நிரலை உருவாக்கிப் புகழ்பெற்றவர் பீட்டர் நார்ட்டன். 1982இல் வெளிவந்த அவருடைய பயன்பாட்டு நிரல்தொகுப்பு, கணினி கற்றோர் பலரின் கைப்பொருளாக இருந்தது. 1990இல் அவருடைய நிறுவனத்தைச் சைமன்டெக் வாங்கியது. மறு ஆண்டு 'நார்ட்டன் ஆன்டிவைரஸ்' வெளிவந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் நார்ட்டனின் படம் அச்சிட்ட பெட்டிகளைக் கண்டே மக்கள் அதனை வாங்கினர். ஒரு மனிதரின் பெயரும் முகமும் நம்பிக்கைக்கு அடையாளமாக நின்றன.

2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அந்நம்பிக்கை தேய்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் புதிய புதிய வசதிகள் சேர்க்கப்பட்டதால் மென்பொருள் பருத்தது. கணினியைத் தொடங்கினால் திரை உறைந்து நின்றது. பணியின் நடுவே எச்சரிக்கைப் பலகைகள் குறுக்கிட்டன. வேண்டாமென்று நீக்க முயன்றாலும் அது முழுமையாக நீங்கவில்லை; அதனை நீக்குவதற்கென்றே தனியொரு கருவியை நிறுவனமே வெளியிட நேர்ந்தது. நச்சுநிரலைவிட நார்ட்டனே கணினியை மிகுதியாக மெதுவாக்குகிறது என்னும் ஏளனம் பரவியது. அந்த ஏளனத்தில் மிகை உண்டு. ஆயினும் அதைச் சொன்னவர்கள் தம் திரையில் கண்டதையே சொன்னார்கள்.

சைமன்டெக் அந்த ஏளனத்தை மறுக்கவில்லை, மென்பொருளைத் திருத்தியது. 2008 செப்டம்பரில் வெளிவந்த 'நார்ட்டன் 2009' பதிப்புக்கு வேகமே முதன்மை நோக்கமாக வைக்கப்பட்டது. ஒரு நிமிடத்துக்குள் நிறுவி முடிப்பது, வேலையின்றி இருக்கும்போது மிகக் குறைந்த நினைவகத்தையே எடுத்துக்கொள்வது என்பன அதன் இலக்குகள். நன்கறியப்பட்ட, மாற்றமடையாத கோப்புகளை மீண்டும் மீண்டும் சோதிக்காமல் தாண்டிச் செல்லும் முறை அதில் சேர்க்கப்பட்டது. பயனர் முழுத்திரையில் படம் பார்த்தாலோ விளையாடினாலோ எச்சரிக்கைகள் ஒதுங்கி நின்றன. பழைய பதிப்பால் வெறுப்புற்ற மதிப்பீட்டாளர்களும் மாற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

இங்கே நம்பிக்கை மீண்டதற்குக் காரணம் எளிது. குறை கண்ணுக்குத் தெரிந்தது. திருத்தமும் கண்ணுக்குத் தெரிந்தது. நிறுவனத்தின் சொல்லை நம்பவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. கணினியைத் தொடங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும்.

தேர்வில் தவறித் தேறிய காவல்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கதை வேறு. தடுப்பு மென்பொருள் துறைக்கு அது காலந்தாழ்த்தி வந்தது. ருமேனியாவின் ஜிகேட் நிறுவனத்திடமிருந்து 2003இல் நச்சுநிரல் தடுப்புத் தொழில்நுட்பத்தை வாங்கியது. 2009 செப்டம்பரில் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்னும் இலவச மென்பொருளை வெளியிட்டது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 இயங்குதளத்தில் 'டிஃபெண்டர்' என்னும் பெயரில் முழுமையான தடுப்பு மென்பொருள் உடன்பிறப்பாகவே அமைந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஏவி-டெஸ்ட் நடத்திய தேர்வில் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் தேறவில்லை, சான்றிதழை இழந்தது. அதன்பின் சில ஆண்டுகள் மைக்ரோசாஃப்டின் காவல் ஒப்பீட்டுப் பட்டியல்களின் அடியிலேயே கிடந்தது. விண்டோஸை நிறுவியதும் வேறொரு தடுப்பு மென்பொருளை நிறுவ வேண்டும் என்பது கணினி அறிந்தோரின் வழக்கமான அறிவுரையாயிற்று.

2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள பட்டியலை மட்டும் நம்பியிராமல், ஐயத்துக்குரிய கோப்பைப் பற்றி மைக்ரோசாஃப்டின் மேகக்கணினியிடம் உடனுக்குடன் கேட்டறியும் முறை வலுப்பெற்றது. கோடிக்கணக்கான கணினிகளிலிருந்து வரும் குறிப்புகளைக் கொண்டு பொறிகள் தாமே கற்று முடிவெடுத்தன. 2018 மார்ச் 6 அன்று ரஷ்யா, துருக்கி, உக்ரைன் ஆகிய நாடுகளில் பெருமளவில் ஒரு தாக்குதல் நடந்தது. பிறருடைய கணினியில் கள்ளத்தனமாக நுழைந்து, அதன் உழைப்பைக் கொண்டு மறையீட்டு நாணயம் ஈட்டும் தீநிரல் அது. முதலில் 80,000க்கும் மேற்பட்ட முயற்சிகளையும், அடுத்த 12 மணி நேரத்தில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட முயற்சிகளையும் டிஃபெண்டர் தடுத்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இது நிறுவனமே தன்னைப் பற்றிச் சொன்ன கணக்கு. ஆனால் ஆய்வகங்களின் மதிப்பெண்களும் அதே திசையில் உயர்ந்தன. 2019இன் இடைப்பகுதியில் ஏவி-டெஸ்ட் தேர்வில் டிஃபெண்டர் 18க்கு 18 மதிப்பெண் பெற்றது.

மதிப்பெண்ணைவிடவும் முதன்மையான நிகழ்வு ஒன்று இடையில் நடந்தது. 2017 மே மாதத் தொடக்கத்தில் கூகுள் நிறுவனத்தின் 'புராஜெக்ட் ஜீரோ' குழுவினர், டிஃபெண்டரின் மையப் பொறியிலேயே பெரும் பிழையைக் கண்டறிந்தனர். தீநிரல் கலந்த ஒரு கோப்பு மடலாக வந்து சேர்ந்தாலே போதும். அதனைச் சோதிக்கும்போதே காவல் மென்பொருள் பகைவரின் கைவசமாகிவிடும். மைக்ரோசாஃப்ட் சில நாள்களுக்குள் பிழையை நீக்கி, மே 8 அன்று திருத்தத்தை வெளியிட்டது. 2018 அக்டோபரில், ஐயத்துக்குரிய கோப்புகளைச் சோதிக்கும் பகுதியைத் தனியொரு வேலியிட்ட இடத்துக்குள் அடைத்து இயக்கும் ஏற்பாட்டையும் அறிமுகப்படுத்தியது. சோதிப்பவர் தவறினாலும் வீடு முழுவதும் பறிபோகாமல் இருக்க வேண்டும் என்பது இதன் கருத்து. தன் காவலனும் தவறக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கேற்ப அவனுடைய அதிகாரத்தைக் குறைத்தது ஒரு நிறுவனத்தின் முதிர்ச்சியைக் காட்டுகிறது.

எனினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். டிஃபெண்டரைப் பயன்படுத்துவோரில் மிகப் பலர் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது இயங்குதளத்தோடு வந்து அமர்ந்திருக்கிறது. பயனர் எண்ணிக்கை மிகுந்திருப்பதை மட்டும் கொண்டு, நம்பிக்கை மீண்டது என்று முடிவு கட்ட இயலாது. ஆய்வகங்கள் ஆண்டுதோறும் நடத்தும் தேர்வுகளே இங்கு ஏற்கத்தக்க சான்று.

தெரியுமா?

கணினி நச்சுநிரல்களின் வரலாற்றில் தொடக்கக்காலத்தைச் சேர்ந்த 'பிரெயின்' 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் இரு உடன்பிறந்தோரால் எழுதப்பட்டது. தனிநபர் கணினிகளின் நெகிழ்வட்டுகள் வழியே அது உலகின் பல பகுதிகளுக்குப் பரவியது.

விலைபோன தடங்கள்

இனிப் பிராகுக்குத் திரும்புவோம். இலவசமாக ஒரு மென்பொருளைக் கோடிக்கணக்கானோருக்கு வழங்குவது எளிதன்று. புதிய தீநிரல்களை ஆராயும் வல்லுநர்களுக்கு ஊதியம் தர வேண்டும். ஓயாமல் புதுப்பிப்புகளை அனுப்பும் கணினிகளைப் பேண வேண்டும். பயனர்களுள் ஒரு சிறுபகுதியினர் கட்டணப் பதிப்புக்கு மாறுவர் என்னும் கணக்கில்தான் இவ்வணிகம் நடந்தது. ஆனால் கட்டணம் செலுத்தாத பெரும்பகுதியினரிடமும் விலையுள்ள ஒரு பொருள் இருந்தது. அவர்கள் இணையத்தில் சென்ற தடங்களே அப்பொருள்.

தீய தளங்களைத் தடுக்க வேண்டுமானால் பயனர் செல்லும் முகவரிகளைக் காண வேண்டும் என்பதை முன்னர்ப் பார்த்தோம். அவாஸ்ட்டின் மென்பொருளும் உலவிகளில் இணைக்கப்பட்ட அதன் நீட்சிகளும் அம்முகவரிகளைக் கண்டன. கண்டதோடு நில்லாமல் திரட்டியும் வைத்தன. 2013இல் அவாஸ்ட் வாங்கிய 'ஜம்ப்ஷாட்' என்னும் நிறுவனம் பின்னர்த் தரவுப் பகுப்பாய்வு நிறுவனமாக மாற்றப்பட்டது. 2014 முதல் 2020 வரை, பயனர்களின் உலாவல் விவரங்கள் அந்நிறுவனத்தின் வழியே நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன என்று அமெரிக்க ஆணையம் குற்றஞ்சாட்டியது. ஒருவரின் சமய நம்பிக்கை, உடல்நலக் கவலை, அரசியல் சார்பு, பொருளாதார நிலை ஆகியவற்றைக் காட்டிக்கொடுக்கும் விவரங்கள் அவற்றுள் அடங்கும் என்றும் ஆணையம் கூறியது. ஜம்ப்ஷாட்டில் சேர்ந்திருந்த தரவின் அளவு 8 பெட்டாபைட்டுக்கும் மேல்.

பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் நீக்கிவிட்டே தரவை விற்றதாக நிறுவனம் விளக்கம் கூறியது. இவ்விளக்கத்தைச் சற்று ஆராய வேண்டும். விற்கப்பட்ட ஒரு வரியில் கருவியின் அடையாள எண், தேதி, நொடி வரையிலான நேரம், சென்ற பக்கத்தின் முகவரி ஆகியவை இருக்கின்றன என்று கொள்வோம். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நொடியில், ஓர் இணையக் கடையில் ஒரு பொருள் வாங்கப்பட்டதை அவ்வரி காட்டுகிறது. அந்த நொடியில் அப்பொருளை வாங்கியவர் யார் என்பதை அக்கடை அறியும். இரண்டையும் பொருத்திப் பார்த்த கணமே அடையாள எண்ணுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. அதன்பின் அதே எண்ணுக்குரிய மற்ற வரிகள் யாவும் பேசத் தொடங்குகின்றன. நள்ளிரவில் தேடிய நோயின் பெயர், விண்ணப்பித்த வேலை, வரைபடத்தில் பார்த்த தெரு எல்லாம் அப்பெயரின் கீழ் வந்து நிற்கும். ஒரு மனிதரின் நாள்முழுவதும் சென்ற தடம், அவருடைய பெயரைப் போலவே அவருக்கு மட்டும் உரியது. பெயரை அழித்தாலும் தடம் அழிவதில்லை.

2019இன் பிற்பகுதியில் தனி ஆய்வாளர் ஒருவர் அவாஸ்ட்டின் உலவி நீட்சிகள் தேவைக்கு மீறிய விவரங்களை அனுப்புவதை எடுத்துக்காட்டினார். மோசில்லா உள்ளிட்ட உலவி நிறுவனங்கள் தம் நீட்சிக் களஞ்சியத்திலிருந்து அவற்றை நீக்கின. 2020 சனவரி இறுதியில் இரு இதழ்கள் இணைந்து நடத்திய புலனாய்வு, தரவு விற்பனையின் முழு வடிவத்தையும் வெளிக்கொணர்ந்தது. சில நாள்களுக்குள், சனவரி 30 அன்று, ஜம்ப்ஷாட் மூடப்படும் என்று அவாஸ்ட் அறிவித்தது. தலைமைச் செயல் அலுவலர் பயனர்களிடம் வருத்தம் தெரிவித்தார்.

தேர்வு மதிப்பெண்களை இங்கு நினைவுகூர வேண்டும். தடங்கள் விற்கப்பட்ட அதே ஆண்டுகளில் அவாஸ்ட் ஆய்வகத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண்களையே பெற்றுவந்தது. 2018ஆம் ஆண்டின் சிறந்த மென்பொருளாக ஏவி-கம்பேரட்டிவ்ஸ் தேர்ந்தெடுத்தது அவாஸ்ட்டைத்தான். அத்தேர்வு பொய்யன்று. அம்மென்பொருள் தீநிரல்களை உண்மையாகவே திறம்படத் தடுத்தது. வெளியிலிருந்து வந்த மாடுகளை விரட்டுவதில் வேலி குறைவைக்கவில்லை. பயிரை மேய்ந்தது வேலியே. மாடுகளை எண்ணிக்கொண்டிருந்த தேர்வாளர்களின் கண்ணுக்கு அது புலப்படவில்லை.

இருவேறு நம்பிக்கைகள்

திருக்குறளில் ஒருவரை ஆராய்ந்து நம்புவதைக் கூறும் 'தெரிந்துதெளிதல்' 51ஆம் அதிகாரம். நம்பியவரின் திறமறிந்து பணியில் அமர்த்துவதைக் கூறும் 'தெரிந்துவினையாடல்' 52ஆம் அதிகாரம். நம்பத்தக்கவரா என்பதும் வல்லவரா என்பதும் வெவ்வேறு வினாக்கள் என்பதால் அவை தனித்தனி அதிகாரங்களாக நிற்கின்றன. முதல் அதிகாரம் கூறும் நான்கு சோதனைகளுள் பொருளின்மேல் உள்ள பற்றைச் சோதிப்பதும் ஒன்று. நார்ட்டனும் டிஃபெண்டரும் தவறியது இரண்டாவது வினாவில். அவாஸ்ட் தவறியது முதல் வினாவில், அதிலும் பொருள் பற்றிய சோதனையில்.

திறமை குறைந்ததால் இழந்த நம்பிக்கையை உழைப்பால் மீட்கலாம் என்பதற்கு முன்னிரண்டு கதைகளும் சான்று. நேர்மை குறைந்ததால் இழந்த நம்பிக்கைக்கு அவ்வழி பயன்படாது. 'இனி விற்கமாட்டோம்' என்று நிறுவனம் கூறுகிறது. அதை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? எந்த மதிப்பெண்ணால் காட்டுவது? தரவு தன் கணினியை விட்டுச் செல்வதைப் பயனர் காண்பதில்லை. சென்றபின் அது யார் கைக்குப் போகிறது என்பதையும் அறிவதில்லை. தன் சொல்லுக்குத் தானே சாட்சியாக நிற்பவரின் சாட்சி, ஒருமுறை தவறியபின் செல்லாது. எனவே சாட்சி வெளியிலிருந்தே வரவேண்டியிருக்கிறது.

அமெரிக்க ஆணையத்தின் ஆணைக்கு மதிப்பு அங்கேதான் இருக்கிறது. செலுத்திய தொகையில் அன்று. 2024 பிப்ரவரி 22 அன்று அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டின் நடுப்பகுதியில் இறுதியான அவ்வாணை, அவாஸ்ட் மென்பொருள்களின் வழியே பெறும் உலாவல் விவரங்களை விளம்பரத்துக்காக விற்பதைத் தடைசெய்கிறது. ஜம்ப்ஷாட்டுக்கு மாற்றப்பட்ட தரவையும், அதிலிருந்து உருவாக்கப்பட்ட நிரல்முறைகளையும் அழிக்குமாறு பணிக்கிறது. தம் தரவு விற்கப்பட்டதைப் பயனர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆணையத்தின் குற்றச்சாட்டுகளைத் தாம் ஏற்கவில்லை எனினும் வழக்கை முடித்துக்கொள்வதாக நிறுவனம் கூறியது. செக் குடியரசின் தரவுப் பாதுகாப்பு அலுவலகமும் அதே ஆண்டில் 35.1 கோடி செக் கிரவுன் தண்டம் விதித்தது.

இதற்கிடையே உரிமையும் கைமாறியிருந்தது. 2022 செப்டம்பரில் அவாஸ்ட், நார்ட்டனை நடத்திவந்த நிறுவனத்தோடு இணைந்தது. இணைந்த நிறுவனம் 'ஜென் டிஜிட்டல்' என்று பெயர் பூண்டது. வேகத்தைத் திருத்தி நம்பிக்கையை மீட்ட நார்ட்டனும், தடங்களை விற்று நம்பிக்கையை இழந்த அவாஸ்ட்டும் ஒரே கூரையின்கீழ் வந்தன. நார்ட்டனின் பிற்கால நடத்தையும் முழுத் தெளிவோடு இருந்தது என்று சொல்ல இயலாது. 2021இல் அம்மென்பொருளோடு மறையீட்டு நாணயம் ஈட்டும் வசதி ஒன்று சேர்க்கப்பட்டது. ஈட்டியதில் 15 விழுக்காட்டை நிறுவனம் எடுத்துக்கொண்டது. பயனர் விரும்பி இயக்கினால் மட்டுமே அது இயங்கும் என்பது உண்மை. எனினும் பிறர் கணினியில் நாணயம் ஈட்டும் நிரல்களைப் பிடிப்பதற்காகவே அமர்த்தப்பட்ட காவலர், அதே தொழிலுக்கான கருவியைத் தம் பையில் வைத்திருந்ததைக் கண்டு பயனர் பலர் முகம் சுளித்தனர். எளிதில் நீக்க முடியவில்லை என்னும் பழைய முறையீடும் மீண்டும் எழுந்தது. 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயம் ஈட்டப்படும் முறையே மாறியதால் அவ்வசதி பயனற்றுப்போனது. ஒரு குறையைத் திருத்தி மீட்ட நம்பிக்கை, வேறொரு குறைக்கும் சேர்த்துப் பொறுப்பேற்பதில்லை என்பதை நார்ட்டனின் வரலாறு காட்டுகிறது.

ஆகவே, அவாஸ்ட் பயனரின் நம்பிக்கையை மீண்டும் பெறுமா என்னும் வினாவுக்கு எவ்வாறு விடை காண்பது? அது இன்றும் தீநிரல்களைத் தடுக்கிறது. ஆய்வகங்கள் இன்றும் அதற்கு மதிப்பெண் இடுகின்றன. கோடிக்கணக்கானோர் இன்றும் அதனை நிறுவியிருக்கின்றனர். இவற்றுள் எதுவும் விடையாகாது. 2019இலும் இவை மூன்றும் இருந்தன. ஜம்ப்ஷாட் மூடப்பட்டதை மீட்சியின் முதற்படி என்று சிலர் கூறுவர். வெளிப்பட்ட பின் மூடியதை அவ்வளவு உயர்வாகக் கொள்ளத் தேவையில்லை. 2020 சனவரியில் நிறுவனம் தந்தது ஒரு சொல். விரும்பினால் அச்சொல்லை மாற்றிக்கொள்ளும் உரிமை அப்போதும் அதனிடமே இருந்தது. 2024இல் பிறந்த ஆணையை அது தன் விருப்பப்படி மாற்ற இயலாது. மீறினால் விடை சொல்ல வேண்டிய இடம் வேறு. மீட்சிக்கான ஆண்டுகளை எண்ணத் தொடங்க வேண்டுமானால், இந்த இரண்டாவது தேதியிலிருந்தே எண்ண வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினியில் எந்தத் தடுப்பு மென்பொருள் இயங்குகிறது, அதனைத் தேர்ந்தெடுத்தவர் யார் எனக் கேட்டறிந்து எழுதுக.

2. கைப்பேசிச் செயலி ஒன்று உங்களிடம் கேட்கும் இசைவுகளைப் பட்டியலிட்டு, அதன் பணிக்கு அவற்றுள் எவை தேவை, எவை தேவையில்லை என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. 'பெயரை நீக்கிவிட்டால் தரவை விற்பதில் தவறில்லை' என்னும் பொருளில் ஒட்டியும் வெட்டியும் சொற்போர் நிகழ்த்துக.